துணிக்கடைக்காரர் கண்ட துளி உலகம்

(இயந்திரவியல் துறை, இரண்டாம் ஆண்டு)



ஆண்டு மலருக்கு ஒரு அறிஞரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தரச் சொன்னார்கள். எடிசன், ராமானுஜன், சர் சி.வி. ராமன்... இவர்களைப் பற்றி வருஷா வருஷம் யாராவது எழுதிவிடுகிறார்கள். பல்கலைக்கழகப் படியே ஏறாத ஒருத்தரைப் பற்றி எழுதினால் என்ன என்று தோன்றியது. பட்டம் கிடையாது. படித்தவர்கள் பேசிய மொழி தெரியாது. தொழில் ஜவுளி வியாபாரம். ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீருக்குள் உயிர்கள் நீந்துவதை உலகத்திலேயே முதன்முதலில் பார்த்துப் பதிவு செய்தவர் அவர்தான்.

அவர் பெயர் அந்தோணி வான் லீவன்ஹூக். ஊர், ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரம்.

கூடை முடைபவரின் மகன்

1632ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் டெல்ஃப்ட்டில் பிறந்தார். அப்பா கூடை முடையும் தொழில் செய்தவர். அம்மா பீர் காய்ச்சும் தொழில் செய்த குடும்பத்தைச் சேர்ந்தவர். பையனுக்கு ஆறு வயது ஆவதற்குள் அப்பா இறந்துவிட்டார். அம்மா மறுமணம் செய்துகொண்டார். பையனை வெளியூர்ப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். பிறகு கொஞ்ச காலம் வேறொரு ஊரில் உறவினர் வீட்டில் வளர்ந்தார்.

அந்தக் காலத்து ஐரோப்பாவில் படித்தவன் என்றால் லத்தீன் தெரிந்திருக்க வேண்டும். மருத்துவமா, சட்டமா, விஞ்ஞானமா, எல்லாப் புத்தகமும் பெரும்பாலும் லத்தீனில்தான். இவருக்கு லத்தீன் சொல்லித் தரப்படவில்லை. 1648இல், பதினாறு வயதில், ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒரு ஜவுளி வியாபாரியிடம் வேலை கற்றுக்கொள்ள அனுப்பிவிட்டார்கள். நம்மில் பலர் பத்தாவது முடித்து இந்த கேட்டுக்குள் நுழைந்த அதே வயசு!

1654இல் ஊர் திரும்பினார். கல்யாணம் செய்துகொண்டார். வீடு வாங்கிச் சொந்தமாகத் துணிக்கடை வைத்தார். 1660இல் நகரத்து நீதிமன்ற மண்டபத்தைப் பராமரிக்கும் பொறுப்பும் கிடைத்தது. கதவு திறப்பது, கூட்டிப் பெருக்குவது, குளிர்காலத்தில் கணப்பு மூட்டுவது, இதையெல்லாம் கவனிக்க வேண்டிய பதவி. இதை வைத்துச் சிலர் அவரைத் துப்புரவுத் தொழிலாளி என்று எழுதிவிட்டார்கள். அது மிகை. ஊரில் மதிப்புள்ள பதவிதான் அது. பிறகு நில அளவையாளர் தேர்விலும் 1669இல் தேறினார். 1679இல் மதுப் பீப்பாய்களை அளந்து சரிபார்க்கும் வேலையும் வந்தது.

அதனால் இவரை பரம ஏழை என்று நினைக்க வேண்டாம். சாப்பாட்டுக்குக் கஷ்டம் இல்லை. ஆனால் வீட்டில் சாவு மேல் சாவு. முதல் மனைவி பார்பரா 1666இல் இறந்தார். பிறந்த ஐந்து குழந்தைகளில் பிழைத்தது மரியா என்ற ஒரே மகள். அந்த மகள்தான் கடைசி வரை அப்பாவைப் பார்த்துக்கொண்டார்.

இரண்டு பித்தளைத் தகடு, ஒரு கண்ணாடி மணி

துணி வியாபாரிகளிடம் அந்தக் காலத்தில் சின்ன லென்ஸ் ஒன்று இருக்கும். துணியில் நூல் எவ்வளவு நெருக்கமாக ஓடுகிறது என்று பார்ப்பதற்கு. லீவன்ஹூக்கின் கையும் அப்படித்தான் லென்ஸுக்குப் பழகியது என்பார்கள். அதோடு நின்றிருந்தால் நல்ல வியாபாரி என்ற பெயரோடு போயிருப்பார். அவர் தானே லென்ஸ் செய்ய உட்கார்ந்தார்.

நாம் மெக்கானிக்கல் மாணவர்கள் அல்லவா? அவருடைய நுண்ணோக்கியைக் கொஞ்சம் நம்ம கண்ணால் பார்ப்போம். இரண்டு சின்னப் பித்தளைத் தகடுகள். உயரம் 5 சென்டிமீட்டருக்குள், அகலம் அதில் பாதி. இரண்டிலும் நேருக்கு நேராக ஒரு சிறு துளை. துளைகளுக்கு நடுவே ஒரு குட்டி லென்ஸ், அநேகமாக ஒரு கடுகு அளவு. தகடுகளை ஒன்றாக வைத்து ரிவிட் அடித்தாயிற்று. பின்பக்கம் ஒரு ஊசி. பார்க்க வேண்டிய பொருள் அதன் முனையில். ஊசியை மேலே கீழே நகர்த்த ஒரு ஸ்குரூ, லென்ஸுக்குக் கிட்டே தள்ள இன்னொரு ஸ்குரூ. தண்ணீர் பார்க்க வேண்டுமென்றால் மெல்லிய கண்ணாடிக் குழாயில் அதை ஏற்றி ஊசிக்குப் பதில் பொருத்த வேண்டும். கண்ணோடு ஒட்டினாற்போல் பிடித்து, வெளிச்சத்தை நோக்கிப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்!

கண்ணைச் சுருக்கி ஒரு நாள் முழுக்கப் பார்ப்பது லேசான காரியமா? அந்த ஸ்குரூக்களுக்கு மரை போட்டவரும் அவரே, தகட்டை அராவியவரும் அவரே. நம்ம ஃபிட்டிங் ஷாப்பில் ஒரு மார்க் குறையாமல் கொடுத்துவிடுவார்கள்.

அப்போது லண்டனில் இரண்டு மூன்று லென்ஸ் வைத்த பெரிய நுண்ணோக்கிகள் இருந்தன. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒன்றுக்கு மேல் லென்ஸ் போட்டால் உருவத்தைச் சுற்றி நிறம் பிரிந்து மங்கும். அந்தக் குறையை நீக்க அன்று வழியில்லை. லீவன்ஹூக்கின் ஒற்றை லென்ஸ் அவற்றைத் தோற்கடித்தது. இன்று உட்ரெக்ட் நகரத்தில் இருக்கும் அவருடைய கருவி ஒன்று சுமார் 266 மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது. வாழ்நாளில் அவர் செய்தவை 500க்கு மேல்.

ஏரித் தண்ணீரில் பச்சை மேகம்

1674ஆம் ஆண்டு கோடை. டெல்ஃப்ட்டிலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில் ஒரு ஏரி. குளிர்காலத்தில் தெளிவாக இருக்கும் தண்ணீர், கோடையில் வெளுத்து, அதில் பச்சை மேகம் மாதிரி ஏதோ மிதக்கும். பனி விழுவதால் அப்படி ஆகிறது என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். எல்லோரும் கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இவர் ஒரு சின்னக் குப்பியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் பார்த்தால், சுருள் சுருளாகப் பச்சை இழைகள். அது ஸ்பைரோகைரா என்ற பாசி. நாம் பள்ளிக்கூடத்தில் படம் வரைந்த அதே பாசிதான். அதன் நடுவே இன்னொன்றும் இருந்தது. கணக்கில்லாத குட்டிப் பிராணிகள்! சில உருண்டை, சில நீள்வட்டம். சில நிறமில்லாதவை, சில பச்சை, சில சாம்பல். மேலே, கீழே, சுற்றிச் சுற்றி ஒரே ஓட்டம். தான் முன்பு பாலாடைக்கட்டியில் பார்த்த மிகச் சிறிய பூச்சிகளைவிட இவை ஆயிரம் மடங்குக்கும் மேல் சிறியவை என்று கணக்குப் போட்டார்.

அதுவரை மனிதனுக்குத் தெரிந்த உலகத்தில் மிகச் சின்ன உயிர் என்றால் அந்த மாதிரிப் பூச்சிதான். ஒரு குப்பித் தண்ணீரில் அந்த எல்லை உடைந்துபோனது.

மிளகுத் தண்ணீர்

அடுத்த வருஷம், சில நாள் பிடித்து வைத்திருந்த மழைத் தண்ணீரைப் பார்த்தார். அதிலும் பிராணிகள். இங்கேதான் அவர் சாதாரண வேடிக்கை பார்ப்பவர் இல்லை என்று தெரிகிறது. இவை வானத்திலிருந்து மழையோடு வந்தனவா, இல்லை பிறகு வந்து சேர்ந்தனவா என்று அவருக்குக் கேள்வி எழுந்தது.

சோதித்தார். 1676இல் ஒரு சுத்தமான பீங்கான் தட்டை முற்றத்தில் உயரமாக வைத்தார், தரையிலிருந்து மண் தெறித்து விழாதபடி. முதலில் விழுந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி பிடித்தார். உடனே பார்த்தார்: ஒன்றும் இல்லை. வைத்திருந்து நாள்தோறும் பார்த்தார்: சில நாளில் பிராணிகள் வந்துவிட்டன. ஆக, மழை கொண்டு வரவில்லை! இந்தச் சோதனையை அவருக்கு எந்த லேப் மேனுவலும் சொல்லித் தரவில்லை.

இன்னொரு கேள்வி: மிளகு ஏன் காரமாக இருக்கிறது? மிளகு அப்போது ஆசியாவிலிருந்து டச்சுக் கப்பல்கள் ஏற்றிச் சென்ற விலை உயர்ந்த சரக்கு. மிளகுக்குள் முள் மாதிரி ஏதாவது இருந்து நாக்கைக் குத்துகிறதோ என்று ஒரு சந்தேகம். மிளகு ஊறி மெதுவானால் உள்ளே பார்க்கலாம் என்று தண்ணீரில் போட்டு வைத்தார். தண்ணீர் வற்ற வற்ற ஊற்றினார். மூன்று வாரம் கழித்து 1676 ஏப்ரலில் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தால்... முள் ஒன்றும் இல்லை. தண்ணீர் முழுக்க உயிர்!

பல ஜாதிப் பிராணிகள் இருந்தன. அவற்றில் மிகவும் நுணுக்கமானவை இன்று நாம் பாக்டீரியா என்று சொல்பவை. இஞ்சி, கிராம்பு, ஜாதிக்காய் என்று சமையல்கட்டில் இருப்பதையெல்லாம் ஊறப்போட்டார். தேதி போட்டார். என்ன போட்டேன், எத்தனை நாள் வைத்தேன், என்ன பார்த்தேன் என்று எழுதினார். பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதும் ரெக்கார்டு நோட் அல்ல அது, நிஜமான ரெக்கார்டு!

அளப்பதற்கு வெர்னியர் இல்லை, ஸ்குரூ கேஜ் இல்லை. மணல் துகள், தினை விதை, தலைமுடியின் கனம், பேனின் கண், இவைதான் அவருடைய அளவுகோல். இத்தனை பிராணிகளை வரிசையாக வைத்தால் ஒரு மணல் துகளின் அகலம் வரும் என்ற மாதிரிக் கணக்கு. இன்று அந்தக் கணக்கைச் சரிபார்த்தவர்கள், பெரும்பாலும் நியாயமான அளவுதான் என்கிறார்கள்.

குதிக்கும் மணி

அவர் பார்த்ததில் பெரும்பகுதி இன்று சிலியேட்டுகள் என்று அழைக்கப்படும் ஒருசெல் உயிரிகள். நமக்குத் தெரிந்த பாரமீசியம் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. ஒரே செல்தான் உடம்பு. அதன் மேல் குறுஇழைகள், அதாவது சிலியா. படகின் துடுப்புகள் மாதிரி அவை வரிசையாக, ஒன்றன்பின் ஒன்றாக அடித்துத் தள்ளும். வயலில் காற்று ஓடும்போது நெற்கதிர் அலையலையாகச் சாயுமே, அதே மாதிரி. ஒரு குறுஇழையின் கனம் ஒரு மில்லிமீட்டரில் சுமார் நாலாயிரத்தில் ஒரு பங்கு! லீவன்ஹூக் அவற்றை நம்ப முடியாத அளவுக்கு மெல்லிய கால்கள் என்று எழுதினார். தன் கையால் செய்த ஒற்றை லென்ஸில் அதைக் கண்டுபிடித்திருக்கிறார் என்றால் அந்தக் கண் எப்படிப்பட்ட கண்!

ஒரு பிராணி அவரை ரொம்பவே கவர்ந்தது. உடம்பு மணி மாதிரி. பின்னால் நூல் மாதிரி ஒரு காம்பு. முன்னால் குதிரைக் காது போல இரண்டு கொம்புகள் துடித்துக்கொண்டே இருக்கும். திடீரென்று காம்பு ஸ்பிரிங் மாதிரி சுருள, மணி பின்னால் இழுபடும். பிறகு மெதுவாக நிமிரும். மறுபடி இழுபடும். இதன் பெயர் வோர்ட்டிசெல்லா. அந்தக் காம்பு சுருங்க ஒரு நொடியில் நூறில் ஒரு பங்குகூட ஆவதில்லை என்று இன்று அளந்திருக்கிறார்கள்.

முதலில் பார்த்தபோது, பாவம், வால் எதிலோ மாட்டிக்கொண்டு விடுபட முடியாமல் தவிக்கிறது என்று அவர் நினைத்தார். கொம்பு என்று நினைத்ததும் கொம்பு அல்ல. மணியின் வாயைச் சுற்றி இருக்கும் குறுஇழை வட்டம் பக்கவாட்டில் பார்க்கும்போது அப்படித் தெரியும். ஆனால் அவர் விட்டுவிடவில்லை. இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகியும் வாய்க்கால் நீர்ப்பாசியின் வேரில் இதையே தேடிப் பார்த்தார். ஒரே இடத்தில் ஒட்டி வாழும் நீர்ப் பிராணிகளுக்கு இந்தச் சுழற்சிதான் இரையை வாய்க்குக் கொண்டுவருகிறது என்று முதுமையில் விளக்கம் எழுதினார். முதலில் பார்த்தது 42 வயதில். விளக்கம் எழுதும்போது வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ஒரு சின்ன மணிக்காக இத்தனை வருஷம்!

லண்டன் நம்பவில்லை

இப்போது கதையின் கஷ்டமான இடம். வீட்டில் உட்கார்ந்து பார்த்ததை உலகம் ஏற்றுக்கொள்ள வேண்டுமே?

லண்டனில் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கம் 1660இல் தொடங்கியிருந்தது. டெல்ஃப்ட்டில் வாழ்ந்த ரெய்னியர் டி கிராஃப் என்ற இளம் மருத்துவர் 1673இல் அந்தச் சங்கத்துக்குக் கடிதம் எழுதி, எங்கள் ஊரில் இப்படி ஒருவர் இருக்கிறார் என்று அறிமுகம் செய்து வைத்தார். அதே வருஷம் அந்த மருத்துவர் 32 வயதில் இறந்துபோனார். ஒரு நல்ல மனிதரின் ஒரே ஒரு சிபாரிசுக் கடிதம் என்ன செய்யும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

சங்கம் எழுதச் சொன்னது. லீவன்ஹூக்குக்குத் தயக்கம். தனக்கு எழுத்து நடை வராது, தான் மொழிகளும் கலைகளும் படித்து வளராமல் வியாபாரத்திலேயே வளர்ந்தவன் என்ற பொருளில் ஒளிவு மறைவில்லாமல் முதலிலேயே எழுதிவிட்டார். ஓவியம் வராது, அதனால் ஆள் வைத்து வரைந்து அனுப்பினார். தெரிந்த ஒரே மொழி டச்சு. அதிலேயே எழுதினார். சங்கத்தின் செயலாளர் ஹென்றி ஓல்டன்பர்க் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சங்கத்தின் பத்திரிகையில் போட்டார்.

நண்பர்களே, இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்றேன். எங்க குடும்பத்தில் பத்தாவதுக்கு மேல் படிக்க வந்த முதல் ஆள் நான். தமிழ் மீடியம். முதல் செமஸ்டரில் பாடமெல்லாம் இங்கிலீஷில் நடந்தபோது, கையில் வேலை வந்தாலும் வாயில் வார்த்தை வரவில்லை. நம்ம வகுப்பில் பாதிப் பேருக்கு இது புரியும். மொழி தெரியாதவனுக்கு விஷயம் தெரியாது என்று நாமே முடிவு கட்டிக்கொள்கிறோம். லீவன்ஹூக் அப்படி முடிவு கட்டவில்லை. பார்த்ததைத் தனக்குத் தெரிந்த மொழியில், கடைக்காரர் பேசுகிற வார்த்தையில், தெளிவாக எழுதினார். விஷயம் இருந்ததால் லண்டன் அதை மொழிபெயர்த்துக்கொண்டது.

1676 அக்டோபர் 9ஆம் தேதி அவர் அனுப்பிய நீண்ட கடிதத்தில்தான் மழைத் தண்ணீரும் மிளகுத் தண்ணீரும் வந்தன. (அதே சமயத்தில் ஊர்வேலையும் பார்த்தார். அவர் பிறந்த அதே வருஷம் அதே ஊரில் பிறந்த ஓவியர் வெர்மீர் கடனோடு இறந்துபோக, அந்தச் சொத்தைக் கவனிக்கும் பொறுப்பு செப்டம்பரில் இவரிடம் வந்திருந்தது.) கடிதத்தைப் படித்தவர்கள் திகைத்தார்கள். ஒரு சொட்டில் ஆயிரக்கணக்கான உயிரா? யாரால் நம்ப முடியும்?

அவர் கோபித்துக்கொண்டு உட்காரவில்லை. ஊரில் இருந்த பாதிரியார்கள் உட்பட மதிப்புள்ள எட்டுப் பேரைக் கூப்பிட்டுத் தன் கருவியில் பார்க்க வைத்தார். அவர்கள் பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். 1677இல் அந்தச் சாட்சிக் கடிதங்கள் லண்டன் போயின.

சாட்சி போதாது, தானே செய்து பார்க்க வேண்டும் என்பது சங்கத்தின் கொள்கை. அது நியாயம்தான். சங்கத்தில் ராபர்ட் ஹூக் என்ற பெரிய பரிசோதனையாளர் இருந்தார். ஆம், ஸ்பிரிங்குக்கு விதி சொன்ன நம்ம ஹூக்ஸ் லா ஹூக்கேதான்! அவர் மிளகை ஊறப்போட்டார். 1677 நவம்பர் தொடக்கத்தில் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. அடுத்த வாரம் இன்னும் மெல்லிய குழாய், இன்னும் நல்ல நுண்ணோக்கி. அப்போதும் இல்லை. மூன்றாவது வாரம், நவம்பர் 15. தெரிந்தது! கூடியிருந்த உறுப்பினர்கள் ஒருவர்பின் ஒருவராகக் கண்ணை வைத்துப் பார்த்தார்கள். டெல்ஃப்ட்டுத் துணிக்கடைக்காரர் சொன்னது உண்மை!

1680இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. நியூட்டன் உறுப்பினராக இருந்த அதே சங்கம். அதன் கூட்டத்துக்கு அவர் ஒரு தடவைகூடப் போனதில்லை. கடிதம் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. அந்தச் சங்கத்துக்கு மட்டும் சுமார் 190 கடிதங்கள்!

தேடி வந்தவர்கள்

அதற்குப் பிறகு அவர் எதைத்தான் பார்க்கவில்லை! 1677இல் விந்தணு. 1683இல் தன் பல் இடுக்கில் இருந்த வெள்ளை அழுக்கை எடுத்து, அதில் நெளியும் பாக்டீரியா. இரத்தச் செல்கள், தசை நார்கள், எறும்பின் முட்டை. கூரைத் தண்ணீர்த் தாரையில் காய்ந்து கிடந்த மண்ணில் தண்ணீர் விட்டால் உயிர் பெற்று நீந்தும் ரோட்டிஃபர் என்ற பிராணி. 1698இல் ரஷ்யச் சக்கரவர்த்தி பீட்டர் டெல்ஃப்ட்டுக்குப் படகில் வந்து இவரை வரவழைத்தார். விலாங்கு மீன் வாலில் இரத்தம் ஓடுவதைச் சக்கரவர்த்திக்குக் காட்டினார்.

மறைத்து வைத்த வித்தை

வாழ்க்கை வரலாறு என்றால் புகழ்ந்து மட்டும் எழுதக் கூடாது. இவரிடம் ஒரு குறை இருந்தது. பார்க்க வந்தவர்களுக்குச் சாதாரணக் கருவிகளைக் காட்டுவார். மிகச் சிறந்த லென்ஸ்களைத் தனக்கு மட்டும் வைத்துக்கொண்டார். அவற்றை எப்படிச் செய்தார் என்று யாருக்கும் சொல்லவில்லை. இளைஞர்களுக்கு இந்த வித்தையைக் கற்றுத் தரலாமே என்று தத்துவ மேதை லைப்னிட்ஸ் கடிதத்தில் கேட்டார். அதற்கு அவர் இசையவில்லை. பணத்துக்கும் பேருக்கும் ஆசைப்பட்டு வருபவர்களால் இது முடியாது என்பது அவர் எண்ணம்.

1723 ஆகஸ்ட் 26ஆம் தேதி, 90ஆவது வயதில் இறந்தார். கடைசி நாட்களில்கூடத் தன் நோயைப் பற்றிய கடிதங்களைச் சொல்லி எழுத வைத்திருக்கிறார். அவர் சொல்லியிருந்தபடி மகள் மரியா, 26 வெள்ளி நுண்ணோக்கிகள் கொண்ட ஒரு பெட்டியை ராயல் சொசைட்டிக்கு அனுப்பினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தப் பெட்டி தொலைந்துபோனது. மரியா இறந்த பிறகு மற்றக் கருவிகள் 1747இல் ஏலம் போயின. 500க்கு மேற்பட்ட கருவிகளில் இன்று மிஞ்சியிருப்பது ஒரு டஜன் அளவுதான்.

அவரோடு வித்தையும் போனது. ஒற்றைச் செல் பிராணிகளை ஒழுங்காக வகைப்படுத்திய பெரிய புத்தகம் வெளிவந்தது 1786இல். எழுதியவர் டென்மார்க்கின் ஓட்டோ ஃபிரெடரிக் முல்லர். நடுவில் அறுபது வருஷத்துக்கு மேல் போய்விட்டது. அந்த லென்ஸ் செய்யும் முறை நாலு பையன்களுக்குத் தெரிந்திருந்தால் இவ்வளவு காலம் ஆகியிருக்குமா?

இதில் ஒரு வேடிக்கை. 2021இல் ஆராய்ச்சியாளர்கள் அவருடைய கருவிகள் இரண்டை, அதே டெல்ஃப்ட் நகரத்துத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், தகட்டைப் பிரிக்காமல் நியூட்ரான் கதிர் செலுத்திப் பார்த்தார்கள். ஒன்றில் இருந்தது தேய்த்துச் செய்த சாதாரண லென்ஸ். 266 மடங்கு காட்டும் அந்தப் பேர்போன கருவியில் இருந்தது, கண்ணாடி இழையை நெருப்பில் உருக்கி உருட்டிய குண்டு. ஒட்டியிருந்த இழையின் மிச்சம்கூடத் தெரிந்தது. இதே மாதிரி முறையை ராபர்ட் ஹூக் 1665இலேயே தன் மைக்ரோகிராஃபியா புத்தகத்தின் முன்னுரையில் எல்லோருக்கும் தெரியும்படி அச்சிட்டிருந்தார்! ஒருவர் மறைத்தது, இன்னொருவர் ஏற்கனவே வெளியே சொல்லிவிட்ட வித்தை.

துளியிலிருந்து நோபல் வரை

இதையெல்லாம் பார்த்து என்ன பயன் என்று கேட்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு பதில்.

டெட்ராஹைமினா என்று ஒரு சிலியேட். குளத்துத் தண்ணீரில் வாழ்வது. 1982இல் தாமஸ் செக் இந்தப் பிராணியில்தான், ஆர்.என்.ஏ. மூலக்கூறு தன்னைத்தானே வெட்டி ஒட்டிக்கொள்ளும் என்று காட்டினார். 1989இல் நோபல் பரிசு. குரோமோசோம்களின் நுனியைக் காக்கும் அமைப்பின் ரகசியத்தை எலிசபெத் பிளாக்பர்ன் இதே பிராணியில்தான் ஆராய்ந்தார். அந்த நுனியைப் பழுதுபார்க்கும் நொதியை அவரும் கரோல் கிரைடரும் 1984இல் கண்டார்கள். 2009இல் நோபல் பரிசு. புற்றுநோய் ஆராய்ச்சியும் முதுமை பற்றிய ஆராய்ச்சியும் இன்று அந்த வழியில் நடக்கின்றன. மிளகுத் தண்ணீரில் பார்த்த அந்தக் கூட்டத்துப் பிராணிகள் இரண்டு நோபல் பரிசுக்கு வழி காட்டியிருக்கின்றன.

நாமும் பார்க்கலாம்

லீவன்ஹூக் பார்த்ததைப் பார்க்க நாம் ஹாலந்து போக வேண்டாம். ஒரு பிடி வைக்கோலைக் கொதிக்க வைத்து ஆறவிடுங்கள். அதில் கொஞ்சம் குளத்துத் தண்ணீரைப் பாசியோடு ஊற்றி, வெயில் படாத இடத்தில் மூடாமல் வையுங்கள். முதல் இரண்டு மூன்று நாளில் தண்ணீர் கலங்கும், அது பாக்டீரியா. அதைத் தின்ன ஒரு வாரத்துக்குள் சிலியேட்டுகள் பெருகும். மேல் ஆடைக்குப் பக்கத்திலிருந்து ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடி வில்லையில் வைத்துப் பாருங்கள். நூறு மடங்கு போதும். ஓடுகிற வேகத்தில் கண்ணுக்குச் சிக்காது. பஞ்சின் இழை இரண்டைச் சொட்டில் போட்டால் அதில் முட்டி மோதி நிற்கும், நாமும் நிதானமாகப் பார்க்கலாம்.

நுண்ணோக்கி எங்கே போவது? இந்தியாவில் பிறந்த மனு பிரகாஷ் என்ற பேராசிரியரும் அவருடைய மாணவரும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 2014இல் ஃபோல்டுஸ்கோப் என்ற காகித நுண்ணோக்கியை வெளியிட்டார்கள். மடித்த அட்டை, நடுவில் ஒரு குட்டி லென்ஸ், 140 மடங்கு. லீவன்ஹூக்கின் பித்தளைத் தகடு காகிதமாக மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஒரு வித்தியாசம்: இவர்கள் செய்முறையை மறைக்கவில்லை. எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டுவிட்டார்கள்.

நண்பர்களே! நம்ம கையில் அரம் பிடிக்க வரும், மரை போட வரும், ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை அளக்க வரும். லீவன்ஹூக்கிடம் இருந்ததும் இதுதான். அதோடு அவர் தினமும் பார்த்தார், தேதி போட்டு எழுதினார், நம்பாதவரைக் கூப்பிட்டுக் காட்டினார். இந்த மூன்றையும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்வோம். லென்ஸ் செய்யும் முறையை மட்டும் ஹூக் மாதிரி எழுதி வைப்போம். அடுத்த வருஷம் இந்த ஷாப்புக்குள் ஒரு ஜூனியர் பையனோ பொண்ணோ வருவாங்க. அவங்க வீட்டிலும் படிக்க வந்த முதல் ஆளாக இருக்கலாம். நமக்குத் தெரிந்ததை அவங்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு இங்கிருந்து போவோம்.